மதுரையில் தங்கலும் ஓய்வும் உலாவும்

மதுரையின் நடுவில் மீனாட்சி சுந்தரேசுவரர் கோவில். அதைச் சுற்றி வீதிகள் சதுரத்துக்குள் சதுரமாக அமைந்திருக்கின்றன. மதிலுக்கு உள்ளே ஆடி வீதி. மதிலை ஒட்டி வெளியே சித்திரை வீதி. அதைச் சூழ்ந்து ஆவணி மூல வீதி, அதற்கும் அப்பால் மாசி வீதி, எல்லாவற்றையும் வளைத்துக்கொண்டு வெளி வீதி. ஒவ்வொரு வீதிக்கும் நான்கு பக்கங்கள் உண்டு. கிழக்கே உள்ளது கீழ வீதி, மேற்கே உள்ளது மேல வீதி, மற்ற இரண்டும் வடக்கு, தெற்கு. ‘மேல மாசி வீதி’ என்று யாராவது முகவரி சொன்னால், கோவிலுக்கு மேற்கே, உள்ளிருந்து நான்காவது சுற்று என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். புதிதாக வருபவர் இந்த ஐந்து பெயர்களையும் மனத்தில் வாங்கிக்கொண்டாலே பாதி ஊர் தெரிந்த மாதிரி.

இந்த அமைப்பு 16ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் காலத்தில் உருப்பெற்றது. வீதிகளுக்கு மாதப் பெயர்கள் வந்தது திருவிழாக்களால். மாசியில் நடந்த தேரோட்டத்தைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார். வீதியின் பெயர் மட்டும் மாறவில்லை. இன்றும் சித்திரைத் தேர் மாசி வீதிகளில்தான் வலம் வருகிறது. வெளி வீதிகளின் கதை வேறு. அங்கே ஒரு காலத்தில் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. 1837இல் தொடங்கி, ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில் சுவர் இடிக்கப்பட்டு, அகழி தூர்க்கப்பட்டு, ஊர் வெளியே விரிந்தது. அப்போது உருவான தெருக்களில் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அடங்கும். தெற்கு மாசி வீதிப் பக்கம் நிற்கும் விளக்குத்தூண் பிளாக்பர்ன் நினைவாக எழுந்தது.

தங்குமிடம் தேடுபவருக்கு இந்தப் பழைய அகழிப் பகுதிதான் முதல் வாசல். மதுரை ரயில் நிலையம் மேல வெளி வீதியில் இருக்கிறது. நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் எதிரே தெரிவது ராணி மங்கம்மாள் சத்திரம். வழிப்போக்கருக்குத் தங்க இடம் கொடுப்பது இந்த ஊரில் அரசியின் அறமாகவே இருந்தது என்பதற்கு அந்தக் கட்டடம் சாட்சி. சத்திரத்தைத் தாண்டிக் கிழக்கே போகும் டவுன் ஹால் ரோடு கோவிலை நோக்கியே செல்கிறது. நிலையத்திலிருந்து மேலக் கோபுரம் ஏறத்தாழ 1 கிலோமீட்டர். பெட்டி கனமாக இல்லாவிட்டால் நடந்தே போய்விடலாம். இந்தச் சாலையைக் குறுக்கே வெட்டும் மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் லாட்ஜுகள் வரிசையாக இருக்கின்றன. எளிய அறையும் கிடைக்கும், குளிர்சாதன அறையும் கிடைக்கும். சில விடுதிகளில் மொட்டை மாடிக்கு ஏறினால் கோபுரங்களை ஒருசேரப் பார்க்கலாம். பல லாட்ஜுகளில் வாடகை 24 மணி நேரக் கணக்கு; காலை 6 மணிக்கு அறை எடுத்தால் மறுநாள் காலை 6 மணிக்கு ஒப்படைக்க வேண்டும். அறை எடுக்கும்போதே இதைக் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.

கோவிலையும் கடைவீதியையும் நடந்தே பார்க்க விரும்புவோருக்கு மாசி வீதிக்கும் வெளி வீதிக்கும் இடைப்பட்ட இந்தப் பகுதியே ஏற்றது. சத்தம் இல்லாமல் உறங்க வேண்டும் என்பவர்கள் வைகையைத் தாண்டி வடகரைக்குப் போகலாம். தல்லாகுளம், அழகர்கோவில் சாலை ஆகிய இடங்களில் பெரிய விடுதிகள் உள்ளன. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் தமிழ்நாடு ஓட்டல் அழகர்கோவில் சாலையில் ஒன்று, மேல வெளி வீதியில் ஒன்று என இரண்டு இடங்களில் இருக்கிறது. கோச்சடையில் உள்ள ஹெரிடேஜ் மதுரை விடுதி, மதுரை கிளப்பாக இருந்த இடம். அதை வடிவமைத்தவர் இலங்கையின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா. தென்மேற்கே பசுமலையின் மேலும் ஒரு விடுதி உண்டு. அங்கிருந்து ஊர் முழுவதும் கீழே விரிந்து தெரியும். பேருந்தில் வருபவர்கள் எந்த நிலையத்தில் இறங்குகிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும். சென்னை, திருச்சிப் பேருந்துகள் நிற்கும் மாட்டுத்தாவணி வடகிழக்கே இருக்கிறது. கோவை, தேனிப் பேருந்துகளுக்கான ஆரப்பாளையம் வடமேற்கே இருக்கிறது. இரண்டிலிருந்தும் கோவில் பக்கம் வர, பெரியார் நிலையத்துக்கு நகரப் பேருந்து உண்டு.

மதுரையில் ஒரு நாளைப் பிரிப்பது கோவில் நடை. அதிகாலை 5 மணிக்குத் திறக்கும் நடை நண்பகலுக்குப் பின் சாத்தப்படும். மாலை 4 மணிக்குத்தான் மறுபடி திறக்கும். ஊரும் ஏறத்தாழ அதே தாளத்தில் நடக்கிறது. காலையில் தரிசனம், நண்பகலில் ஓய்வு, வெயில் தாழ்ந்ததும் உலா. இந்த ஒழுங்கை மீறிப் பகல் வெயிலில் அலைபவர் களைத்துப்போவார். ஒழுங்கோடு ஒத்துப்போகிறவருக்கு ஊர் எளிதாகிவிடும்.

காலையில் கோவிலுக்குள் நுழைவதற்கு முன் கைப்பேசியைப் பாதுகாப்பு அறையில் கொடுத்துவிட வேண்டும். 2018 முதல் அதற்கு உள்ளே அனுமதி இல்லை. அரைக்கால் சட்டை போன்ற உடைகளுக்கும் அனுமதி இல்லை. இந்து அல்லாதவர்கள் கருவறைப் பகுதிக்குப் போக முடியாது. பிராகாரங்களையும் மண்டபங்களையும் பொற்றாமரைக் குளத்தையும் பார்க்கலாம். கோபுரங்கள் மொத்தம் 14. அவற்றில் தெற்குக் கோபுரமே உயரமானது, சுமார் 170 அடி. குளத்தின் தென்கரைப் படியில் உட்கார்ந்தால் அந்தக் கோபுரம் முதுகுப் பக்கம் இருக்கும். வடகரைக்கு வந்தால் முகத்துக்கு நேரே எழும். தரிசனம் முடிந்ததும் பலர் அந்தப் படிகளில் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். நெரிசல் மிகுந்த ஊரின் நட்டநடுவில் கிடைக்கும் முதல் ஓய்வு அது.

நண்பகலில் அறைக்குத் திரும்பாதவர்களுக்கு நிழலான இடங்கள் உண்டு. கோவிலுக்குத் தென்கிழக்கே நடந்தே போகும் தூரத்தில் திருமலை நாயக்கர் மகால் இருக்கிறது. 1636இல் கட்டப்பட்ட அந்த அரண்மனையில் இன்று எஞ்சியிருப்பது நான்கில் ஒரு பங்குதான். பேரன் சொக்கநாத நாயக்கர் காலத்தில் பெரும்பகுதி பிரிக்கப்பட்டுத் திருச்சிக்குக் கொண்டுபோகப்பட்டது. எஞ்சியதை 19ஆம் நூற்றாண்டில் நேப்பியர் பிரபு செப்பனிட்டுக் காத்தார். மொத்தம் 248 தூண்கள். ஒவ்வொரு பெருந்தூணும் ஓர் ஆளின் கைக்குள் அடங்காதது. முற்றத்தில் வெயில் கொதிக்கும்போதும் தூண்களுக்குப் பின்னால் உள்ள கூடத்தில் குளிர்ச்சி நிற்கும். புறாக்கள் உயரத்தில் சிறகடிக்கும் ஓசை கூரை வளைவுகளில் பட்டுத் திரும்பிவரும். மாலையில் இங்கே நடத்தப்படும் ஒலி-ஒளிக் காட்சியில் சிலப்பதிகாரக் கதையும் நாயக்கர் கதையும் வரும். அன்று காட்சி உண்டா என்று பகலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வடகரையில் தமுக்கம் மைதானத்தை ஒட்டி ராணி மங்கம்மாளின் கோடை அரண்மனை இருக்கிறது. அதுவே 1959 முதல் காந்தி நினைவு அருங்காட்சியகம். காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த துணி இரத்தக் கறையோடு அங்கே காக்கப்படுகிறது. அவர் அரையாடைக்கு மாறியதும் இதே ஊரில்தான், 1921 செப்டம்பர் 22 அன்று, மேல மாசி வீதியில் தங்கியிருந்த வீட்டில். அந்த வீட்டில் இப்போது கதர்க் கடை நடக்கிறது. வாசிப்பில் நாட்டம் உள்ளவர்களுக்கு நத்தம் சாலையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் நல்ல இடம்.

வெயில் இறங்கியதும் ஊர் காற்று வாங்கப் போகும் இடம் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். கோவிலுக்குக் கிழக்கே, காமராசர் சாலையின் முடிவில் இருக்கிறது. மகால் கட்ட மண் எடுத்த பள்ளத்தை 1645இல் திருமலை நாயக்கர் குளமாக்கினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 1,000 அடி. நடுவில் மரங்களும் கோபுரமும் கொண்ட மைய மண்டபம். தைப்பூசத்தன்று மீனாட்சியும் சுந்தரேசுவரரும் இங்கே தெப்பத்தில் வலம் வருவார்கள். மற்ற நாட்களில் சுற்றுச்சுவரின் மேல் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பவர்களும், சுண்டலும் சோளக்கதிரும் விற்பவர்களும், வேக நடை நடப்பவர்களுமாகக் குளக்கரை நிறைந்திருக்கும்.

இருட்டியபின் கடைவீதி. தெற்கு ஆவணி மூல வீதியில் நகைக்கடைகள், தெற்கு மாசி வீதியிலும் விளக்குத்தூண் பக்கமும் துணிக்கடைகள், கீழ மாசி வீதியில் மளிகை மண்டிகள். சித்திரை வீதிகளில் வண்டிகள் வருவதில்லை என்பதால் குழந்தைகளோடும் முதியவர்களோடும் நிம்மதியாக நடக்கலாம். கீழக் கோபுரத்துக்கு எதிரே உள்ள புதுமண்டபமும் திருமலை நாயக்கர் கட்டியது. சிற்பத் தூண்களுக்கு நடுவே நெடுங்காலம் தையல்காரர்களும் புத்தக வியாபாரிகளும் கடை வைத்திருந்தார்கள்.

மதுரையிலிருந்து வாங்கிப்போக வேண்டியவை இரண்டு. ஒன்று சுங்குடிச் சேலை. சௌராட்டிர நெசவாளர்கள் துணியில் புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியையும் விரலால் கிள்ளி நூலால் முடிந்து, பிறகு சாயத்தில் தோய்ப்பார்கள். முடிச்சை அவிழ்த்தால் சாயம் ஏறாத வெள்ளைப் புள்ளி தெரியும். கையால் முடிந்த சேலையில் புள்ளிகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. தடவிப் பார்த்தால் புள்ளி இருக்கும் இடம் இலேசாக மேடு தட்டும். அச்சில் அடித்த துணியில் இது இல்லை. மற்றொன்று மல்லிகை. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி கெட்டியான இதழ் கொண்டது. மாலையில் மொட்டாக வாங்கிய சரம், இரவுச் சாப்பாடு முடிவதற்குள் மெல்ல விரிந்து அறை முழுவதும் மணக்கும்.

இந்த ஊருக்குத் தூங்கா நகரம் என்ற பெயர் சும்மா வரவில்லை. மாலையில் தெருமுனைத் தள்ளுவண்டிகளில் பருத்திப்பால் கிடைக்கும். பருத்தி விதையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பாலில் கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துச் சூடாகத் தருவார்கள். விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா: கண்ணாடிக் குவளையின் அடியில் ஊறிய கடற்பாசி, மேலே நன்னாரி சர்பத், சுண்டக் காய்ச்சிக் குளிரவைத்த பால், அதற்கும் மேலே ஒரு கரண்டி ஐஸ்கிரீம். அவசரப்படாமல் கரண்டியால் கிண்டிக் குடிக்க வேண்டியது அது. அசைவம் உண்பவர்கள் சிம்மக்கல் பக்கம் கறிதோசை சாப்பிடலாம். கனமான தோசையின் மேல் முட்டையும் கொத்துக்கறியும் பரப்பித் திருப்பிப் போட்டு எடுப்பார்கள். எதுவும் வேண்டாம் என்பவருக்கும் நள்ளிரவில் ஆவி பறக்கும் இட்டிலியும் நாலு வகைச் சட்டினியும் கிடைக்கும்.

கூடுதலாக ஒரு நாள் இருந்தால் ஊருக்கு வெளியே போகலாம். மேற்கே கீழக்குயில்குடியில் சமணர் மலை. அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரங்கள், மேலே பாறையில் தீர்த்தங்கரர் சிற்பங்கள். விடியற்காலையில் ஏறி வெயிலுக்கு முன் இறங்கிவிட வேண்டும். தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டரில் கீழடி. அங்கே 2023இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் சங்ககால மக்களின் பானைகளையும் மணிகளையும் விளையாட்டுக் காய்களையும் காட்டுகிறது. வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில் அழகர்கோவில். மலையடிவாரக் காற்றும் குரங்குகளும் நூபுர கங்கை நீரும் உண்டு.

போவதற்கு ஏற்ற காலம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. ஏப்ரல், மே மாதங்களில் வெயில் கடுமை. ஆனால் சித்திரைத் திருவிழா வருவது அப்போதுதான். திருக்கல்யாணமும் தேரும் அழகர் ஆற்றில் இறங்குவதும் பார்க்க வேண்டுமானால் அறையைப் பல வாரங்களுக்கு முன்பே பிடித்துவிட வேண்டும். அந்த நாட்களில் இடம் கிடைப்பது அரிது.

மற்ற எந்த நாளில் தங்கினாலும் இரவில் ஒருமுறை கோவிலுக்குத் திரும்பிச் செல்வது நலம். நடை சாத்துவதற்கு முன் சுந்தரேசுவரரின் திருவடியைப் பல்லக்கில் வைத்து, நாதசுரம் ஒலிக்க, அம்மனின் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்வார்கள். பல்லக்கு உள்ளே போய்க் கதவு சாத்தியதும் கூட்டம் மெல்லக் கலைந்து சித்திரை வீதிக்கு வரும். கோவிலின் ஒரு நாள் அத்துடன் நிறைவடைகிறது. வெளியே இட்டிலிக் கடைகளில் அடுப்பு இன்னும் எரிந்துகொண்டிருக்கும்.