கருவுற்ற தாய்க்கு அரைநாள்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் மாதர் பகுதியின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இசையும் நாடகமும் கேட்க வந்திருக்கும் அவையில் பேறுகால விடுப்பைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று எங்களுள் சிலரே ஐயுற்றனர். கோலாட்டப் பிள்ளைகள் ஒப்பனை செய்துகொள்ளும் இடைவேளையில் கால்மணி நேரம் எங்களுக்கு அளிக்கப்பட்டுள்ளது. பிள்ளைகளைப் பற்றிய பேச்சே ஆதலின் பொருந்தும் என்று துணிந்தோம்.

நாம் வாழும் இம்மாநிலத்திற்கும் இப்பொருளுக்கும் பழந்தொடர்பு உண்டு. இந்திய நாட்டில் உழைக்கும் பெண்டிர்க்குப் பேறுகால உதவியை முதன்முதலாகச் சட்டமாக்கியது பம்பாய் மாகாணமே. அது 1929-ஆம் ஆண்டுச் சட்டம். அதன் மசோதா விவாதத்திலிருந்தபோது, 1928 ஜூலை 28 அன்று, டாக்டர் அம்பேத்கர் அதனை ஆதரித்துப் பேசினார். மழைக்காலக் கூட்டங்களை இந்தப் புனே நகரில் நடத்துவது அம்மாகாண ஆட்சியின் வழக்கம். அதற்குரிய கவுன்சில் ஹால் இன்றும் நம் கண்முன் நிற்கிறது. நாம் பேருந்தில் அதனைக் கடந்து போகிறோம். ஏறிட்டுப் பார்ப்பவர் சிலரே. பிள்ளை பிறந்தபின் மட்டுமன்றிப் பிறக்கும் முன்னரும் தாய்க்கு ஓய்வு வேண்டும், அது நாட்டின் நலனைச் சார்ந்தது என்று அம்பேத்கர் வாதித்தார். அப்பொறுப்பில் பெரும்பகுதி அரசினுடையது என்றும், பெண்ணின் உழைப்பால் பயன் பெறும் முதலாளியும் ஒரு பங்கை ஏற்க வேண்டும் என்றும் அவர் கருதினார். நம் சென்னை மாகாணமும் 1934-இல் இத்தகைய சட்டம் ஒன்றை இயற்றிற்று.

பின்னர் நாடு முழுமைக்குமான சட்டம் 1961-இல் வந்தது. 12 வாரங்கள் அளித்தது. 2017-இல் அது 26 வாரங்களாக உயர்ந்தது. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதன் இடத்தில் நின்று அவ்வுரிமைகளைத் தொடர்கிறது. சட்டம் வந்துவிட்டால் எல்லாம் வந்துவிட்டது என்று எண்ணிவிடலாகாது. கோவை மாவட்டத் தோட்டமொன்றில் உழைத்த நம் தமிழ்ப் பெண் ஒருவர் 1967-இல் பேறுகால விடுப்பில் சென்றார். 12 வாரங்களில் வரும் 12 ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்து 72 நாள்களுக்கே நிர்வாகம் பணம் கொடுத்தது. வாரம் என்றால் ஏழு நாள், ஞாயிறும் அதனுள் அடங்கும், ஆகவே 84 நாள்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது 1977-இல்! அக்குழந்தை அப்போது பள்ளியில் நான்காம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ படித்துக்கொண்டிருக்கும்.

நிற்க. எங்கள் முறையீடு அந்த 26 வாரங்களைப் பற்றியதன்று. அவற்றுள் 8 வாரங்களுக்கு மேல் பேற்றுக்கு முன்னர் எடுத்தல் இயலாது. அதாவது, ஏழாம் மாதம் முடியும் வரையில் அப்பெண் முழு வேலைக்காரி. கருவுற்றமையால் நோய் கண்டால், சான்று காட்டி ஒரு மாதம் கூடுதலாக ஊதிய விடுப்புப் பெறலாம். பேற்றுக்கு முன்னும் பின்னும் மருத்துவ வசதியை முதலாளி இலவசமாக அளிக்காவிடில் 3,500 ரூபாய் தருதல் வேண்டும் என்றும் விதி உண்டு. ஆனால், மருத்துவத்திற்குப் பணம் எண்ணிய சட்டம், மருத்துவமனைக்குச் சென்று வரும் நேரத்தை எண்ணவில்லை. பரிசோதனைக்கென்று ஊதியத்தோடு கூடிய ஒரு மணி நேரமும் அதில் தனியே குறிக்கப்படவில்லை.

கருவுற்ற பெண் குறைந்தது நான்கு முறை பரிசோதனைக்கு வருதல் வேண்டும் என்பது நம் நாட்டு நல்வாழ்வுத் துறையின் நெறி: 12 வாரங்களுக்குள் முதல் முறை, 14 முதல் 26 வாரங்களுக்குள் இரண்டாம் முறை, 28 முதல் 34-க்குள் மூன்றாவது, 36-க்குப் பின் நான்காவது. உலக நல்வாழ்வு நிறுவனம் 2016-இல் எட்டு முறை என்றே கூறிவிட்டது. கணக்கிட்டுப் பாருங்கள்: நான்கனுள் முதலிரண்டும், பெரும்பாலோர்க்கு மூன்றாவதும், விடுப்புத் தொடங்கும் முன்னரே வந்துவிடுகின்றன.

அங்கே என்னதான் செய்கிறார்கள் என்று வீட்டுப் பெரியவர்கள் சிலர் கேட்பதுண்டு. கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். சிறுநீரில் புரதம் உண்டா என்று பார்க்கிறார்கள். 20 வாரங்களுக்குப் பின் சிலருக்கு ஏறும் அழுத்தம் வலி தருவதில்லை, முன்னறிவிப்பும் செய்வதில்லை. வலிப்பாக வெளிப்படும்போது தாயும் சேயும் ஆபத்தில் இருப்பர். அதனை முன்கூட்டியே காட்டவல்லது அந்தப் பட்டையே. இரத்தசோகையோ நம் நாட்டில் கருவுற்ற பெண்டிருள் பாதிப்பேருக்கு மேல் உள்ளது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 52.2 விழுக்காடு என்கிறது. நீரிழிவுச் சோதனைக்கு 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். சென்னையின் டாக்டர் வி. சேஷையா முன்னின்று பரப்பிய இம்முறையில் வெறும் வயிற்றோடு வரவேண்டுவதில்லை. அதற்கென்று மற்றொரு நாள் அலையாமல், வந்த அன்றே செய்துகொள்ளலாம். ஏழைப் பெண்ணின் நேரம் விலையுடையது என்பதை உணர்ந்த முறை இது என்பது எங்கள் எண்ணம்.

இனி நம் வீட்டு நிலை. நம் மகளிரும் மருமகளிரும் ஹிஞ்சவடியிலும் சாக்கனிலும் வேலை பார்க்கின்றனர். மூன்று மாதம் முடியும் வரை வெளியே சொல்லாதே என்பது நம் பாட்டிமார் வாக்கு. ஆகவே முதற் பரிசோதனைக்குத் தலைவலி என்று கூறி விடுப்பு. இரண்டாவதற்கு உறவினர் வருகை. வளைகாப்பு நெருங்குமுன் ஆண்டின் தற்செயல் விடுப்பெல்லாம் கரைந்துவிடும். தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு செல்வோர்க்கு இன்னொரு தொல்லை: இங்கே பார்த்த மருத்துவரின் குறிப்புகள் இங்கேயே பெட்டியில் தங்கிவிட, தஞ்சையிலோ நெல்லையிலோ உள்ள மருத்துவர் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்குகிறார். அந்தக் கோப்பைப் புடவைகளுக்கு முன்னதாகப் பெட்டியில் வையுங்கள் என்று தாய்மார்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

பிற நாடுகள் இதற்கு வழி கண்டுள்ளன. பிரிட்டனில் 1980 முதலே கருவுற்ற தொழிலாளி ஊதியம் குறையாமல் பரிசோதனைக்குச் சென்று வரலாம். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் 2025 ஜனவரி 1 முதல் இதற்கெனத் தனியே 20 மணி நேர ஊதிய விடுப்பு அளிக்கிறது. அதனை மணிக்கணக்கில் பிரித்து எடுத்துக்கொள்ளலாம். முழுநாள் வேண்டியதில்லை, இரண்டு மூன்று மணி நேரம் போதும் என்பதை அம்மாநிலம் கண்டுகொண்டது. நம் நாட்டிலும் அவ்வாறு விதி வரவேண்டும். வரும்வரை நாம் யாருக்கு முதலாளி என்பதை எண்ணிப் பார்க்க வேண்டாமா?

ஈண்டு எங்கள் குற்றம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சோலாப்பூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த இளம்பெண் ஒருவர் நம் காலனியில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்துத் தரை துடைத்துவந்தார். அந்நான்கனுள் இரண்டு இவ்வுரையை எழுதிய எங்களுடையவை. மருத்துவமனையில் காலையில் வரிசையில் நின்று கேஸ் பேப்பர் எடுத்தால்தான் அன்று மருத்துவரைக் காணலாம். நம் பாத்திரங்கள் குவிந்து கிடப்பதும் அதே காலையில்தான். ஐந்தாம் மாதத்தில் ஒருமுறை கேட்டார். சம்பளம் பிடித்துக்கொண்டு அனுப்பினோம். அடுத்த முறை கேட்டபோது, விருந்தினர் வந்திருக்கிறார்கள், வேறொரு நாள் போகலாகாதா என்றோம். அதன்பின் அவர் கேட்கவேயில்லை. எட்டாம் மாதம் கால் வீங்கி, மாடிப்படியில் மயங்கி விழுந்தார். இரத்த அழுத்தம் மிக ஏறியிருந்தது. அறுவை செய்து குறைமாதக் குழந்தையை எடுத்தனர். மூன்று வாரம் இன்குபேட்டரில் வைத்திருந்தனர். தாயும் சேயும் பிழைத்தது அவர்கள் நற்பேறு, எங்கள் நற்பேறும்கூட. நான்கு வீடுகளும் பிடித்த சம்பளத்தைப் பின்னர் ஒருநாள் கூட்டிப் பார்த்தோம். 300 ரூபாயும் தேறவில்லை.

வீட்டு வேலை செய்யும் இத்தகைய பெண்டிர்க்கு அந்த 26 வாரச் சட்டம் எட்டுவதில்லை. ஆதலின் மாதர் பகுதி ஒரு திட்டம் வகுத்துள்ளது. 2016-இல் தொடங்கிய திட்டத்தின்படி ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கருவுற்றோர்க்கு இலவசப் பரிசோதனை நடக்கிறது. அன்று ஞாயிறாயின் அடுத்த வேலை நாளில். நம் வீட்டிலும், நம்மவர் நடத்தும் கடையிலும் அச்சகத்திலும் உணவகத்திலும் பணிபுரியும் கருவுற்ற பெண்ணுக்கு அன்று காலை, சம்பளம் பிடிக்காமல், கேள்வி கேளாமல் அரைநாள் விடுப்புத் தருவோம். மருத்துவர் வேறு நாள் குறித்தால் அந்நாளிலும் தருவோம். நான்கு வீட்டு வேலையெனில் நான்கு வீட்டாரும் ஒருங்கே தருதல் வேண்டும். மூவர் தந்து ஒருவர் மறுத்தால் அவர் போக முடியாது. எங்கள் பிழை நிகழ்ந்தது அப்படித்தான்.

சென்ற ஞாயிறு முதல் 17 வீட்டார் இதற்கு ஒப்பியுள்ளனர். மேலே சொன்ன பெண் மீண்டும் கருவுற்றிருக்கிறார். இது நான்காம் மாதம். முன்பு அழுத்தம் கண்டவராதலால் மாதம் ஒருமுறை போதாது, அடிக்கடி வரவேண்டும் என்று மருத்துவர் கூறியிருக்கிறார். அவர் வேலை செய்யும் வீடுகளில் ஒன்று இன்னும் கையெழுத்திடவில்லை. அவ்வீட்டார் இவ்வவையில் இருக்கின்றனர் என்பதை அறிவோம்; பெயர் சொல்ல மாட்டோம்.

பதிவேடு உணவுக் கூடத்திற்குச் செல்லும் வழியில் மேசைமேல் வைக்கப்பட்டுள்ளது. பேனாவும் நூலில் கட்டி வைத்திருக்கிறோம்.