எத்தனையில் எத்தனை?

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவியர் ஒன்றுகூடலில் மருத்துவரான பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



சுகாதாரம் பற்றிப் பேசுமாறு சங்கத்தினர் கேட்டார்கள். சீனியையும் உப்பையும் குறையுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அதைக் கேட்டுக் கேட்டு நீங்கள் களைத்திருப்பீர்கள். இந்தப் பாடசாலையில் எட்டாம் வகுப்பில் நான் படித்த ஒரு கணிதப் பாடத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

விடை 25% என்று மட்டும் எழுதிக்கொண்டு போனால், எங்கள் கணித ரீச்சர் அதைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போடுவார். "எதிலே பிள்ளை? ஒரு பனங்கிழங்கிலே காற்பங்கா, ஒரு மூடை நெல்லிலே காற்பங்கா?" என்று கேட்பார். புள்ளி குறைந்த கோபத்தில் நாங்கள் முணுமுணுப்போம். அந்தக் கேள்வியின் பெறுமதி வைத்தியராகிய பிறகுதான் எனக்கு விளங்கியது.

1995 ஒக்ரோபரில் பிரித்தானியாவின் மருந்துப் பாதுகாப்புக் குழு வைத்தியர்களுக்கு ஓர் எச்சரிக்கை அனுப்பியது. புதிய வகைக் கருத்தடைக் குளிசைகள் சிலவற்றால் இரத்தம் கட்டிபடும் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்றது அது. செய்தி தொலைக்காட்சியிலும் பத்திரிகைகளிலும் பரவியது. இரண்டு மடங்கு என்றால் நூறு சதவீத அதிகரிப்பு. பயந்துபோன பெண்கள் பலர் குளிசையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வழமையைவிட ஏறத்தாழ 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்தன என்று பின்னர் மதிப்பிடப்பட்டது.

அந்த "இரண்டு மடங்கு" எதிலே? பழைய வகைக் குளிசை எடுத்த 7,000 பெண்களில் ஒருவருக்கு வந்தது, புதிய வகையில் 7,000 பேரில் இருவருக்கு வந்தது. அவ்வளவுதான். கர்ப்பகாலத்திலும் பிள்ளைப்பேற்றை அடுத்தும் இரத்தம் கட்டிபடும் ஆபத்து, குளிசையால் வருவதைவிட அதிகம். செய்தியில் பொய் இல்லை. ஆனால் பாதி உண்மைதான் மக்களிடம் போய்ச் சேர்ந்தது.

இந்தச் சம்பவத்தை நான் படித்தபோது எனக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்தது. நான் வைத்தியராகிய புதிதில், மூன்று பிள்ளைகளின் தாய் ஒருவர் கிளினிக்குக்கு வந்தார். "குளிசையாலே இரத்தம் கட்டிபடுமாமே டொக்டர்?" என்று கேட்டார். வாசலில் நீண்ட வரிசை. "எடுக்காதவர்களைவிட ஆபத்து இரண்டு மூன்று மடங்கு கூடத்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன். ஆயிரம் பெண்கள் ஒரு வருடம் எடுத்தால் ஏறத்தாழ ஒருவருக்குத்தான் வரும் என்று சொல்ல எனக்கு அரை நிமிடம் போதும். நான் சொல்லவில்லை.

பல மாதங்கள் கழித்து அவர் நாலாவது பிள்ளையைச் சுமந்துகொண்டு, இரத்தச்சோகையோடு வெளிறிப்போய் வந்தார். "நீங்கள்தானே ஆபத்து எண்டு சொன்னீங்கள், அதுதான் விட்டிட்டன்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள். ஆனாலும் ரீச்சரின் சிவப்பு வட்டம் அன்று எனக்கு விழுந்தது என்றே இன்றும் நினைக்கிறேன். பத்திரிகைக்காரர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை.

இன்னொரு கேள்வியும் கேட்கவேண்டும்: எதோடு ஒப்பிட்டு? எங்கள் நாட்டு டெங்குக் கணக்கைப் பாருங்கள். 2017 இல் ஏறத்தாழ 186,000 பேர் நோயாளர்களாகப் பதிவானார்கள். 2018 இல் அது ஏறத்தாழ 52,000 ஆகியது. 72 சதவீத வீழ்ச்சி என்று யாரும் மேடையில் பெருமையாகச் சொல்லலாம், கணக்கும் சரியாகவே இருக்கும். ஆனால் 2016 இல் அந்தத் தொகை ஏறத்தாழ 55,000. கொடிய ஓர் ஆண்டுக்குப் பிறகு எண்ணிக்கை பழைய இடத்துக்குத் திரும்பியது, அவ்வளவுதான். 2019 இல் அது மீண்டும் ஒரு இலட்சத்தைத் தாண்டியது. இரண்டு ஆண்டுகளை மட்டும் பார்த்து வாளிகளையும் பூச்சாடிகளையும் கவிழ்த்து வைக்க மறந்தவர்களுக்கு நுளம்பு பாடம் படிப்பித்தது.

அக்காமாரே, தங்கைமாரே, யாழ்ப்பாணத்தில் இருந்தாலும் ரொறன்ரோவில் இருந்தாலும் எங்கள் எல்லோருடைய வட்ஸ்அப்பிலும் இத்தகைய செய்திகள் நாளாந்தம் வருகின்றன. இதைச் சாப்பிட்டால் புற்றுநோய் இத்தனை சதவீதம் கூடும், அதைக் குடித்தால் மாரடைப்புப் பாதியாகக் குறையும் என்று சொல்லுகின்றன. அவற்றை எல்லோருக்கும் அனுப்ப முன்னர் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். எத்தனை பேரில் எத்தனை பேர்? எதோடு ஒப்பிட்டு? விடை அந்தச் செய்தியில் இல்லையென்றால் அதை அனுப்பாமல் விடுங்கள். முக்கியமாக, ஒரு தலைப்பை வாசித்துவிட்டு மருந்தை நிறுத்தாதீர்கள். உங்கள் வைத்தியரிடம் போய் இதே கேள்விகளைக் கேளுங்கள். அவர் அவசரப்பட்டாலும் விடாதீர்கள். அன்று அந்தத் தாய் என்னிடம் "எத்தனை பேரிலே, டொக்டர்?" என்று திருப்பிக் கேட்டிருந்தால், நான் நின்று பதில் சொல்லியிருப்பேன்.

அப்படிக் கேட்கும் துணிவைப் பெண்பிள்ளைகளுக்குக் கொடுத்தது இந்தப் பாடசாலை. நூறு ஆண்டுகளாகக் கொடுத்து வருகிறது. எங்கள் ரீச்சரின் சிவப்பு மைக்கு என் நன்றியைச் சொல்லி விடைபெறுகிறேன்.