ஒரு பிள்ளையும் விடுபடாத பயணம்

(தென் பேராக்கில் உள்ள தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஆசிரியர் ஒருவர் நிகழ்த்திய உரை)



நம் பள்ளியின் நான்காம், ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களை ஒரு நாள் கல்விப் பயணம் அழைத்துச் செல்வதென்று சென்ற கூட்டத்தில் முடிவு செய்தோம். எங்கே போவது, எப்போது போவது, பணத்திற்கு என்ன செய்வது என்னும் மூன்று கேள்விகளையும் ஆராய்ந்து வந்து கூறுமாறு என்னைப் பணித்தீர்கள். மூன்றுக்கும் விடை கொண்டு வந்திருக்கிறேன். ஆயினும் அவற்றுக்கெல்லாம் முன்னதாக ஒரு கொள்கையை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். பணம் இல்லை என்ற காரணத்தால் ஒரு பிள்ளைகூட இந்தப் பயணத்திலிருந்து விடுபடக் கூடாது. பணம் கட்ட இயலாத பிள்ளை எது என்பது மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியவும் கூடாது.

பயண நாள் வந்ததும் சில பிள்ளைகளுக்குத் திடீரென்று காய்ச்சல் வந்துவிடும். மறுநாள் நலமாகப் பள்ளிக்கு வந்துவிடுவார்கள். அது என்ன காய்ச்சல் என்பதை ஆசிரியர்களாகிய நாங்களும் அறிவோம்; பெற்றோர்களாகிய நீங்களும் அறிவீர்கள். கையில் காசில்லாத வீட்டில், தாய் தந்தையரைத் தலைகுனிய வைக்கக் கூடாது என்று எண்ணும் பிள்ளை, நோயைக் காரணமாகச் சொல்லிக்கொள்கிறது. பத்து வயதுப் பிள்ளை அத்தகைய பொய்யைத் தானாகவே கற்றுக்கொள்ளும்படி நாம் விடலாமா?

எங்கே போவது?

தலைநகரத்திற்குப் போகலாம், நீர் விளையாட்டுப் பூங்காவிற்குப் போகலாம் என்று பலவாறு கூறினார்கள். அவை எல்லாம் நல்லவையே. ஆனால், நம் பிள்ளைகள் முதலில் காண வேண்டிய ஊர் கோலகங்சார் என்பது என் கருத்து. ஏன் தெரியுமா? நமக்குச் சோறு போடும் ரப்பர் மரத்தின் மூத்த தலைமுறை அங்கே நிற்கிறது.

1876 ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டனில் உள்ள கியூ தோட்டத்தில் கொண்டு சேர்த்தார். அங்கு முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877 ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் ஒன்பது கன்றுகள் கோலகங்சாரில் நடப்பெற்றன. அக்காலத்து மரங்களுள் எஞ்சிய ஒன்று வட்டார நில அலுவலகத்தின் அருகே வேலியிட்டுக் காக்கப்படுகிறது. மரத்தைக் கொல்லாமல், பட்டையை நாள்தோறும் மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்துக் கொடுத்தவர், 1888 ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி.

இவற்றையெல்லாம் ஆசிரியர் சொல்லிவிடலாம். ஆனால், பட்டையில் கத்தி எவ்வளவு ஆழம் இறங்கலாம், எங்கே காயம் பட்டால் மரம் கெடும், மழை பெய்த காலையில் மங்கில் விழும் பால் என்ன ஆகும் என்பவற்றை அந்த மரத்தின் முன் நின்று யார் விளக்குவது? அதற்குரிய ஆசிரியர் இந்த மன்றத்தில் அமர்ந்திருக்கும் நீங்களே. ஆகவே, பால்வெட்டில் நீண்ட அனுபவமுள்ள பெற்றோர் இருவர் நம்முடன் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உடன் வந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர்களாக மட்டும் அல்லர். அவர்கள் பாடம் நடத்துபவர்களாகவே வருவார்கள். தம் தாயின் கைத்தொழில் ஒரு கல்வி என்பதைப் பிள்ளைகள் அன்று உணர்வார்கள்.

அங்கிருந்து தைப்பிங் அருகில்தான். ஈயம் எடுத்த பள்ளங்களே அங்கு அழகிய ஏரிப் பூங்காவாக மாறியிருக்கின்றன. 1883 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற பேராக் அரும்பொருளகம் நாட்டிலேயே பழமையானது. மலாயாவின் முதல் இருப்புப்பாதை 1885 ஆம் ஆண்டில் தைப்பிங்கையும் போர்ட் வெல்ட் துறைமுகத்தையும் இணைத்தது. அத்துறைமுகம் இன்று கோல செப்பெத்தாங் எனப்படுகிறது. அந்நாள் தொட்டு இந்நாட்டு இருப்புப்பாதைகளில் தமிழருடைய உழைப்பும் கலந்திருக்கிறது.

தைப்பிங் மழைக்குப் பெயர்போன ஊர். பெரும்பாலும் பிற்பகலில் பெய்யும். எனவே, காலையில் கோலகங்சார் மரத்தையும், நண்பகலுக்குள் ஏரிப் பூங்காவையும் பார்த்துவிட்டு, உணவுக்குப் பின் அரும்பொருளகத்தினுள் நுழைவது நலம். பழுதுபார்க்கும் பணிக்காக மூடியிருக்கிறார்களா என்பதை முன்னதாகவே கடிதம் எழுதிக் கேட்டறிய வேண்டும். போய்ச் சேர்ந்த பிறகு பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவது பயணமாகாது.

எப்போது போவது?

நம் வருமானத்தின் போக்கைப் பார்த்தே நாளைக் குறிக்க வேண்டும். பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் இலை உதிர்ந்து பால் குறையும். ஆண்டின் இறுதியில் மழையால் வெட்டு நாட்கள் குறையும். பள்ளித் திறப்புக்கும் தீபாவளிக்கும் செலவு மிகும். இவற்றை விலக்கிவிட்டு, ஏப்ரலில் சேமிப்பைத் தொடங்கி, 24 வாரங்கள் கழித்துச் செப்டம்பர் இறுதியில் பயணத்தை வைத்துக்கொண்டால் எந்த வீட்டிற்கும் பாரமிராது.

பணத்திற்கு என்ன செய்வது?

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைக் கூறுகிறேன். மாணவர் 36 பேர், ஆசிரியர் நால்வர், பெற்றோர் இருவர், ஆக மொத்தம் 42 பேர். பேருந்து வாடகை 1,600 வெள்ளி, உணவு 420 வெள்ளி, நுழைவுக் கட்டணம் 200 வெள்ளி, குடிநீரும் மருந்துப் பெட்டியும் 80 வெள்ளி, எதிர்பாராச் செலவு 200 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,500 வெள்ளி ஆகிறது. வாடகையை மூன்று நிறுவனங்களிடம் எழுத்து மூலம் கேட்டபின் இத்தொகையை உறுதி செய்யலாம்.

இதனை 36 பிள்ளைகளுக்கும் பங்கிட்டால் தலைக்கு எழுபது வெள்ளி வரும். கேட்பதற்கு எளிய வழிதான். ஆனால், இப்பள்ளியில் மூன்று பிள்ளைகள் படிக்கும் வீடு 210 வெள்ளிக்கு எங்கே போகும்? கடைக்காரரிடம் கடன் வாங்கும். இல்லையேல் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும். ஆகவே, இந்த வழி நமக்கு வேண்டாம்.

நான் சொல்லும் வழி இது. ஒவ்வொரு பிள்ளையும் வாரந்தோறும் 50 காசு கொண்டுவரட்டும். 24 வாரங்களில் ஒருவருக்கு 12 வெள்ளி. 36 பேருக்கு 432 வெள்ளி. இக்காசைப் பெயர் எழுதாத உறையில் இட்டு வகுப்பு உண்டியலில் போட வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் உறையைப் போடுவார்கள். ஓர் உறை வெறுமையாக இருந்தாலும் அது யாருடையது என்று ஒருவருக்கும் தெரியாது. அதனால் ஏற்படும் குறையை மற்ற வரவுகள் தாங்கிக்கொள்ளும்.

அடுத்தது நம் உழைப்பு. பள்ளித் திடலில் ஒரு நாள் உணவு விற்பனை நடத்தலாம். தோசை, வடை, பலகாரங்களை நம் தாய்மார்கள் செய்வார்கள். பக்கத்துக் கம்பத்து மலாய் நண்பர்களையும், பட்டணத்துச் சீனக் கடைக்காரர்களையும் அழைத்தால், விற்பனையோடு நல்லுறவும் வளரும். இதில் 900 வெள்ளியும், பழைய தாள், இரும்பு, நெகிழிப் பொருள்களைத் திரட்டி விற்பதில் 350 வெள்ளியும், பள்ளித் தோட்டத்துக் காய்கறிகளில் 250 வெள்ளியும் எதிர்பார்க்கலாம். மீதி 568 வெள்ளிக்குத் தோட்ட நிருவாகத்தையும், இப்பள்ளியில் படித்து வெளியூர்களில் பணியாற்றும் முன்னாள் மாணவர்களையும் அணுகலாம். நாம் முதலில் உழைத்துச் சேர்த்துவிட்டு, குறைவதை மட்டும் கேட்டால், கொடுப்பவரும் மதித்துக் கொடுப்பார்.

ஒன்றை மட்டும் செய்யக் கூடாது. பிள்ளைகள் கையில் தகரப்பெட்டியைக் கொடுத்துத் தெருவுக்கு அனுப்பக் கூடாது. வீடு வீடாகவும் தெருவிலும் பொதுமக்களிடம் நிதி திரட்டுவதற்கு 1947 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காவல்துறையின் உரிமம் வேண்டும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நம் பிள்ளைகள் கையேந்திப் பழக வேண்டியதில்லை.

சிறு துளிகளால் என்ன ஆகும் என்று எண்ணாதீர்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, தொழிலாளர் வீடும் வேலையும் இழந்த காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960 ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். மாதம் பத்து வெள்ளி வீதம் தொழிலாளர்கள் செலுத்திய பங்குப் பணம் திரண்டு, 1961 ஆம் ஆண்டில் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியது. அவர் பிறந்த சுங்கை சிப்புட் நம் பயண வழியில்தான் இருக்கிறது. தோட்டத்தையே வாங்கிய சமுதாயத்திற்கு ஒரு பேருந்தை அமர்த்துவது அரிய செயலா?

கணக்கும் மறைவும்

பணம் சேரும் இடத்தில் ஐயமும் சேரும். அதற்கு இடம் கொடுக்காதிருக்கச் சில ஒழுங்குகள் தேவை. உண்டியலை ஆசிரியர் ஒருவர், பெற்றோர் இருவர் முன்னிலையில் மட்டுமே திறக்க வேண்டும். எண்ணிய தொகையை அன்றே எழுதி மூவரும் கையெழுத்திட வேண்டும். பணம் எவர் வீட்டிலும் தங்கலாகாது. சங்கத்தின் வங்கிக் கணக்கில் சேர வேண்டும். நன்கொடைக்குப் பற்றுச்சீட்டு தர வேண்டும். வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, இருப்பு இவ்வளவு என்று மாதந்தோறும் பள்ளி அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டும். பயணம் முடிந்தபின் மிஞ்சும் தொகை அடுத்த ஆண்டுப் பயணத்திற்கே உரியது என்பதையும் இன்றே தீர்மானித்துவிட வேண்டும்.

ஆனால், அப்பலகையில் ஒருபோதும் எழுதக் கூடாதது ஒன்றுண்டு. அதுதான் கொடுக்காதவர் பெயர். கொடுக்காதவர் பட்டியலை வகுப்பில் வாசிப்பதும் கூடாது. தங்கள் நிலைமையைச் சொல்ல விரும்பும் பெற்றோர் தலைமையாசிரியரிடம் தனியே சொல்லலாம். அச்செய்தி அவருடன் நின்றுவிடும். கணக்கு வெளிச்சத்தில் இருக்கட்டும். பிள்ளையின் வறுமை நிழலில் இருக்கட்டும்.

காசு மட்டும் பிள்ளையைப் பிரித்துக் காட்டுவதில்லை. புதுச் சட்டை, விலையுயர்ந்த காலணி, கைச்செலவுப் பணம் ஆகியவையும் பிரித்துக் காட்டும். ஆதலால், அனைவரும் பள்ளிச் சீருடையிலேயே வர வேண்டும். கைச்செலவுக்கு ஐந்து வெள்ளிக்கு மேல் கொடுத்தனுப்ப வேண்டாம். உணவு எல்லாருக்கும் ஒன்றே.

பாதுகாப்பு

பயணத்திற்குக் கல்வி அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அதற்கான விண்ணப்பத்தைத் தலைமையாசிரியர் காலத்தோடு அனுப்புவார். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோரின் எழுத்து மூலமான இசைவு வேண்டும். அத்தாளில் பிள்ளைக்கு உள்ள இளைப்பு, வலிப்பு, ஒவ்வாமை போன்றவற்றை மறைக்காமல் எழுதுங்கள்.

பேருந்து உரிமம் பெற்றதா, சோதனைச் சான்று காலாவதி ஆகாததா, ஓட்டுநர் முதல்நாள் இரவு ஓய்வெடுத்தாரா என்று கேட்பது நம் கடமை. வாடகை குறைவு என்பதற்காக இவற்றில் கண்ணை மூடிக்கொள்ளலாகாது. 2025 ஜூலை முதல் நாளிலிருந்து விரைவுப் பேருந்துகளிலும் சுற்றுலாப் பேருந்துகளிலும் இருக்கை வார் அணிவது கட்டாயமாக்கப்பட்டுள்ளது. வார் இல்லாத பேருந்தை நாம் அமர்த்த வேண்டாம். ஆறு பிள்ளைகளுக்கு ஒருவர் வீதம் பொறுப்பாளர் ஆறு பேர் இருப்பார்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் தலை எண்ணுவது அவர்கள் வேலை.

இனி நாம் செய்ய வேண்டுவது

பெரியோர்களே, பயணம் என்பது பேருந்து புறப்படும் நாளில் தொடங்குவதன்று. உறையில் முதல் 50 காசு விழும் நாளில் தொடங்குகிறது. 24 வாரங்கள் பொறுத்துச் சேர்ப்பதும், விற்பனை நாளில் வாங்குவோரிடம் பணிவோடு பேசுவதும், கீரைப் பாத்திக்கு நீர் ஊற்றுவதும், கணக்கைச் சரிபார்ப்பதும் பாடங்களே. அவற்றைக் கற்றபின் கோலகங்சார் மரத்தின் முன் நிற்கும் பிள்ளை, தான் உழைத்து வந்த இடத்தில் நிற்கிறோம் என்ற நிமிர்வோடு நிற்கும்.

இன்று கலைந்து செல்லுமுன் மூன்று காரியங்களை முடித்துவிடுவோம். ஐவர் கொண்ட பயணக் குழுவைத் தேர்ந்தெடுப்போம்; அவர்களுள் இருவரேனும் தாய்மார்களாக இருக்கட்டும். உணவு விற்பனைக்கு ஒரு நாளைக் குறிப்போம். உடன் வரும் பால்வெட்டுத் தொழிலாளர் இருவரின் பெயரை எழுதிக்கொள்வோம். நிருவாகத்திடம் அவர்களுக்கு அன்று விடுப்புக் கேட்பது சங்கத்தின் பொறுப்பு.

செப்டம்பர் இறுதியில் அந்தக் காலைப்பொழுது வரும்போது, பெயர்ப் பட்டியலில் 36 பெயர்கள் இருந்தால், பேருந்தில் 36 பிள்ளைகள் இருக்க வேண்டும். நோயுற்ற பிள்ளை உண்மையாகவே நோயுற்றதாக மட்டும் இருக்கட்டும். அதற்கான ஒத்துழைப்பை உங்களிடம் வேண்டி, என் உரையை முடிக்கிறேன்.