லேபிள் இல்லாத மூன்று பாட்டில்கள்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில், ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர் ஆற்றிய உரை)

அன்பான மாணவச் செல்வங்களே! செல்வங்கள் என்கிறேன், பேரன் பேத்தி எடுத்தவர்களும் முன்வரிசையில் இருக்கிறீர்கள்.

வேதியியலை மாணவர்கள் தாமாகச் சிந்திக்கும்படி கற்பிப்பது எப்படி என்று பேசச் சொன்னார்கள். உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். அதனால் நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன்.

உப்புப் பகுப்பாய்வுத் தேர்வு ஞாபகம் இருக்கிறதா? கிப் கருவியின் அழுகிய முட்டை நாற்றம் வராண்டா வரைக்கும் வரும். தேர்வன்று காலையில் நீங்கள் தேடிப் போனது புத்தகத்தை அல்ல, ஆய்வக உதவியாளரை. "அண்ணே, என்ன உப்புண்ணே?" எங்களுக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்க. எல்லாம் தெரியும்! உப்பின் பெயர் தெரிந்ததும் முடிவை முதலில் எழுதி, சோதனைகளைப் பின்னால் நிரப்பினீர்கள். சோதனைக் குழாயில் வளையமே வராதவரும் 'பழுப்பு வளையம் தோன்றியது, நைட்ரேட் உள்ளது' என்று எழுதினார். நாங்களும் மார்க் போட்டோம். ஆகவே குற்றம் உங்களுடையது மட்டும் இல்லை.

ஒரு வருஷம் இதை மாற்றிப் பார்க்கலாம் என்று தோன்றியது. லேபிள் ஒட்டாத மூன்று பாட்டில்கள் வைத்தேன். ஒன்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம், ஒன்றில் அதே திறனுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு, இன்னொன்றில் பினாப்தலீன். மூன்றும் பார்வைக்குத் தண்ணீர்தான். லிட்மஸ் கிடையாது, வெறும் சோதனைக் குழாய்கள். எது எது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

நான் எதிர்பார்த்த வழி சற்று நீளம். இரண்டு இரண்டாகக் கலந்தால் ஒரு ஜோடி இளஞ்சிவப்பாகும். ஒதுங்கி நிற்பது அமிலம். அப்புறம் அந்த ஜோடியில் ஒன்றில் அமிலத்தை நிறைய ஊற்றி, மற்றதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். கடைசியில் இளஞ்சிவப்பு வந்தால், சேர்த்தது காரம். வரவே இல்லையென்றால் பினாப்தலீன்.

ஒரு மாணவர் குழாயை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "சார், இது சுடுது." அமிலமும் காரமும் நடுநிலையாகும்போது ஒரு மோலுக்குச் சுமார் 13.7 கிலோ கலோரி வெப்பம் வெளிப்படும் என்று போர்டில் எழுதிப் போட்டவனே நான்தான். அவர் சொன்னார்: "கலர் வந்த ஜோடியிலும் இந்த பாட்டில் இருக்கு, சுட்ட ஜோடியிலும் இதே பாட்டில்தான் இருக்கு. அப்ப இதுதான் காரம், சார்." ஒரே வரியில் கணக்கு முடிந்துவிட்டது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இது புரொசீஜர்ல இல்லையேப்பா." பாதி மார்க்தான் போட்டேன். அதன் பிறகு அவர் என் வகுப்பில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

லார்டு ராலே காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன் லிட்டருக்கு 1.2572 கிராம் இருந்தது. சேர்மங்களிலிருந்து தயாரித்தது 1.2505 கிராம். வித்தியாசம் நூற்றுக்கு அரைதான். நம் ஆய்வகமாக இருந்தால் 'சோதனைப் பிழை' என்று எழுதி ரெக்கார்டில் கையெழுத்து வாங்கியிருப்போம். அவர் 1892-ல் நேச்சர் இதழுக்குக் கடிதம் எழுதி, காரணம் தெரிந்தால் சொல்லுங்கள் என்று கேட்டார். 1894-ல் ராம்சேயுடன் சேர்ந்து அந்த அரை சதவீதத்துக்குள் இருந்த ஆர்கானைக் கண்டுபிடித்தார்.

ஆசிரியர்களே, பாடத்திட்டம் உங்கள் கையில் இல்லை, தெரியும். ஒரு பேட்ச் முழுவதையும் மூன்று மணி நேரத்தில் கரையேற்றும் சிரமமும் தெரியும். வருஷத்தில் ஒரே ஒரு செய்முறை வகுப்பைக் கொடுங்கள். அமிலம்கூட வேண்டாம், மஞ்சள் தூள், சுண்ணாம்புத் தண்ணீர், எலுமிச்சம்பழம் போதும். விடை தப்பானாலும், யோசித்த வழிக்கு மார்க் போடுங்கள்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். முதல் மதிப்பெண்ணுக்குப் பதக்கம் தருகிறீர்கள், தாருங்கள். பக்கத்தில் இன்னொரு பரிசு, லேபிள் இல்லாத பாட்டிலுக்கு. முதல் வருஷத்துப் பணம் என்னுடையது. பொருளாளரிடம் இப்போதே தருகிறேன்.

அந்த மாணவர் இன்று இந்த அரங்கில்தான் இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன். தம்பி, சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். உங்களுக்கு நான் பாதி மார்க் பாக்கி.