நல்லூர்: ஓர் இராசதானியைச் சுற்றிப் பார்த்தல்

கொக்குவிலுக்குத் தென்கிழக்கே, சைக்கிளில் எளிதாகச் சென்றடையக்கூடிய தொலைவில் உள்ள நல்லூர், ஆரியச்சக்கரவர்த்திகள் என்ற பட்டத்துடன் ஆண்ட யாழ்ப்பாண மன்னர்களின் இராசதானியாக, அதாவது தலைநகராக, 1619இல் போர்த்துக்கேயர் அவ்வரசைக் கைப்பற்றும் வரை விளங்கியது. 15ஆம் நூற்றாண்டில், அப்போது யாழ்ப்பாணத்தை ஆண்ட, சப்புமல் குமாரயன் எனப்படும் செண்பகப் பெருமாளிடம் தெவிநுவரையிலிருந்து குயிலைத் தூதனுப்புவதாகச் சிங்களத்தில் இயற்றப்பட்ட கோகில சந்தேசம், யாழ்ப்பாண நகரின் அழகைப் புகழ்வதால், வெளியூரார் கண்ணில் இந்நகர் தோன்றிய விதத்துக்கு அரிய சான்றாகிறது.

இன்று வருவோரிற் பலர் கந்தசுவாமி கோயிலோடு திரும்பிவிடுவது பேரிழப்பாகும். 1734ஆம் ஆண்டளவில் எழுந்த இக்கோயிலில் ஆண்கள் மேலாடையைக் களைந்தே உள்ளே செல்ல வேண்டும். 25 நாள் மகோற்சவக் காலத்தில் சுற்றுவீதிகளில் வாகனப் போக்குவரத்து தடைப்படுமாதலால் நடந்து செல்வதே தக்கது.

அங்கிருந்து பருத்தித்துறை வீதிவழியே சென்றால், சங்கிலித்தோப்பு வளைவும், செதுக்குவேலை செய்த மரத்தூண்களையுடைய மந்திரிமனையும் தென்படும். இவை அரசர் காலத்தவை என மரபு கூறினும், இன்றுள்ள கட்டடங்கள் பிற்காலத்தவை என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. அருகே, 'ப' எழுத்தின் வடிவில் வெட்டப்பட்டுக் கற்படிகள் அமைந்த யமுனா ஏரி என்னும் கேணி, அவசியம் நின்று பார்க்கத்தக்கது. வெயில் ஏறுமுன் புறப்படுவோர், நகரின் நாற்றிசைக் காவலாகக் கருதப்பட்ட சட்டநாதர், வெயிலுகந்த பிள்ளையார், கைலாசநாதர், வீரமாகாளியம்மன் கோயில்களையும் கண்டு, பழைய தலைநகரின் பரப்பை நடந்தே உணரலாம்.