தனிமையும் கூட்டமும்

ஓய்வு நேரத்தில் மனத்துக்கு உகந்த ஒரு கலையைப் பயில்வது நன்மை தரும் என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆனால் அக்கலை தனித்திருந்து செய்யத்தக்கதா, பலரோடு கூடிச் செய்யத்தக்கதா என்று கேட்டால் கருத்து வேறுபாடு எழுந்துவிடுகிறது. புகைப்படக் கலையை எடுத்துக்கொண்டு இவ்வினாவைச் சற்று ஆராய்வோம். நான் கலைஞன் அல்லேன். சங்கரன்கோவிலில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி ஓய்வு பெற்ற தலைமையாசிரியன். ஆயினும் இவ்வினாவுக்குரிய விடையை ஓர் இழப்பின் வாயிலாகக் கற்றுக்கொண்டவன் என்பதால் பேசத் துணிகிறேன்.

முதலில் தனிமையின் கட்சியைக் கேட்போம். அதற்குச் சான்று கூற வல்லவர் நம் திருநெல்வேலியில் 1912-ஆம் ஆண்டு பிறந்த மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் இளைய மகன். காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையிலேயே படம்பிடித்தவர். தம் தேவைக்கேற்ற காமிரா கிடைக்கவில்லை என்பதால், பல கருவிகளின் உறுப்புக்களைச் சேர்த்துத் தாமே ஒன்றை அமைத்துக்கொண்டார். காட்டு யானையின் முன்னே பேச்சும் சிரிப்புமாகக் கூட்டம் சேர்த்துக்கொண்டு செல்ல இயலுமோ? மூச்சையும் அடக்கிக் காத்திருக்க வேண்டும். எந்தக் கணத்தில் விசையை அழுத்துவது என்பதை அருகிலிருப்பவர் சொல்லித் தர முடியாது. அக்கணம் ஒருவருக்கே உரியது. ஆகவே இக்கலை தனிமையின் குழந்தை என்று தோன்றுகிறது அன்றோ?

அவசரப்பட்டுத் தீர்ப்புக் கூற வேண்டாம். அதே கிருஷ்ணன் 1950-ஆம் ஆண்டு தொடங்கி, 1996-இல் தாம் மறையும் வரையில், ஆங்கில நாளிதழ் ஒன்றில் இயற்கையைப் பற்றி இடைவிடாது எழுதிவந்தார். தமிழிலும் எழுதினார். தனிமையிற் கண்டதைத் தமக்கென்று பூட்டி வைத்தாரில்லை. காட்டுக்குள் தனியே சென்றவர், திரும்பி வந்து ஊரோடு பேசினார்.

தனியே சென்றவர் என்கிறோமே, அதுவும் முழு உண்மையா? நாங்குநேரிக்கு அருகிலுள்ள கூந்தன்குளத்துக்குச் சென்று பாருங்கள். நாரைகளும் பிற நீர்ப்பறவைகளும் அங்கே ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. படம் எடுப்பவர் ஒரு மரத்தடியில் தனியே நின்று, தம் திறமையால் அரிய படம் கிடைத்தது என்று மகிழ்கிறார். அப்பறவைகளை விரட்டாமலும் பிறர் வேட்டையாட விடாமலும் தலைமுறை தலைமுறையாகக் காத்து வரும் ஊர் மக்கள் இல்லையெனில் அவருக்கு எந்தப் படம் கிடைக்கும்? படத்தில் காணப்படாத பலர் அப்படத்தை ஆக்கித் தந்திருக்கின்றனர்.

வரலாறும் இதையே கூறுகிறது. பாரிஸ் நகரத்தில் 1838-ஆம் ஆண்டு தாகேர் என்பவர் ஒரு தெருவைப் படம் எடுத்தார். அக்காலத்தில் ஒரு படம் பதியப் பல நிமிடங்கள் ஆகும். தெருவில் சென்ற வண்டிகளும் மனிதர்களும் அசைந்துகொண்டிருந்தமையால் ஒருவரும் பதியவில்லை. ஓரிடத்தில் நின்று தம் காலணிக்குப் பிறரைக் கொண்டு மெருகேற்றுவித்துக்கொண்டிருந்த ஒரு மனிதர் மட்டும் உருவம் தெரியப் பதிந்தார். படம் எடுத்தவர் ஒருவர்தாம். ஆனால் அசையாது நின்ற மற்றொருவர் இல்லையேல் அது ஆளற்ற தெருவின் படமாகவே இருந்திருக்கும்.

இக்கலை 1839-இல் உலகுக்கு அறிவிக்கப்பெற்றது. 1854-இல் பம்பாயிலும், அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் கல்கத்தாவிலும் சென்னையிலும் புகைப்படச் சங்கங்கள் தோன்றிவிட்டன. ஏன் இவ்வளவு விரைவு? வெள்ளி உப்புத் தடவிய தாள், மருந்து நீர், வெயில், இருட்டறை இத்தனையும் ஒத்துழைத்தாலன்றிப் படம் பிறவாது. நம் நாட்டு வெப்பத்தில் எந்த மருந்து கெடும், எது நிலைக்கும் என்பதை ஒருவர் மற்றொருவரைக் கேட்டே அறிய வேண்டியிருந்தது. ஒருவரது தவறு பலருக்குப் பாடமாயிற்று.

அக்காலத்தில் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்தவர் லின்னேயஸ் ட்ரைப். தம் கருவிகளை மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு மதுரை, தஞ்சை முதலிய ஊர்களுக்குச் சென்றார். 1858-ஆம் ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பகுதியில் உள்ள கல்வெட்டுகளைப் படம் எடுத்து, 21 படங்களை ஒட்டிச் சேர்த்து, ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக ஆக்கினார். தஞ்சைக்குச் செல்ல இயலாதவரும் காணத்தக்கதாயிற்று அக்கல்வெட்டு. பிறர் காண்பதற்கென்றே செய்த உழைப்பு அது.

இனி என் கதைக்கு வருகிறேன். 1985-ஆம் ஆண்டு, நான் இளம் ஆசிரியன். பழைய ஆக்ஃபா கிளிக் காமிரா ஒன்றை வாங்கினேன். ஒரு சுருளுக்கு 12 படங்களே எடுக்கலாம். படம் எடுப்பது எனக்கும் என் காமிராவுக்கும் இடையே உள்ள விஷயம் என்றே எண்ணியிருந்தேன்.

அவ்வாண்டு ஆடித் தபசு. அன்று கரிசல் காட்டுச் சம்சாரிகள் தாம் விளைவித்த பருத்தியையும் மிளகாய் வற்றலையும் சுவாமியின் மேல் தூவி வணங்குவார்கள். கூட்டத்தில் ஒரு முதியவர், கையில் ஒரு பிடி பருத்தியோடு, இமைக்காமல் நின்றுகொண்டிருந்தார். எடுத்தேன். ரத வீதியில் ஸ்டூடியோ வைத்திருந்த ஒருவர் தம் இருட்டறையில் எனக்குத் தொழில் கற்றுத் தந்தவர். சிவப்பு விளக்கின் ஒளியில் அம்முகம் தாளில் மெல்ல எழுந்ததும், “ஸார், இவரை எனக்குத் தெரியும். ஒரு பிரதி போட்டு அவருக்குக் கொடுத்துவிடுங்கள்” என்றார். “இது எனக்காக எடுத்தது” என்று கூறிவிட்டேன். படத்தையும் பிலிமையும் ஒரே உறையிலிட்டு டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

இருபது ஆண்டுகள் கடந்தன. ஒருநாள் என் மாணவன் ஒருவன் தயங்கித் தயங்கி வந்து நின்றான். “ஸார், எங்க தாத்தா படம் உங்ககிட்ட இருக்குதாம், ஸ்டூடியோக்காரர் சொன்னார். வீட்ல அவர் படம் ஒண்ணுகூட இல்லை” என்றான். பெருமையோடு பெட்டியைத் திறந்தேன். ஈரம் ஏறிப் படமும் பிலிமும் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன. பிரித்தபோது முகம் இருந்த இடம் உரிந்து வந்துவிட்டது. பருத்தி ஏந்திய கை மட்டும் எஞ்சி நின்றது. என்னால் ஒரு சொல்லும் பேச முடியவில்லை. அந்தப் பிள்ளைதான், “கையாவது இருக்கே ஸார்” என்று கூறி, அத்துண்டை நோட்டுப் புத்தகத்தினுள் வைத்துக்கொண்டு போனான்.

அன்று ஒரு பிரதி கொடுத்திருந்தால் அம்முதியவர் தம் முகத்தைக் கண்டிருப்பார். அவர் வீட்டுச் சுவரில் அது இன்றும் இருந்திருக்கும். எனக்கென்று காத்ததனாலேயே எனக்கும் இல்லாமற் போயிற்று.

மாணவர்களே, இன்று உங்கள் கைப்பேசி ஒரு நாளில் நூறு படம் எடுக்கும். நொடியில் நூறு பேருக்கு அனுப்பும். ஆகவே என் குறை உங்களுக்கு இல்லை என்று எண்ணாதீர்கள். அனுப்புவது வேறு, பகிர்வது வேறு. தாமே நின்று பார்க்காத படத்தைப் பிறர் நின்று பார்ப்பாரா? மாதத்துக்கு 12 படங்களைத் தேர்ந்தெடுங்கள். நண்பர் நால்வரோடு அமர்ந்து, எது நன்று, எது நன்றன்று, ஏன் என்று பேசுங்கள். குறை கூறினால் முகம் சுளிக்காதீர்கள். மனிதரைப் படம் எடுக்குமுன் அவர் இசைவைப் பெறுங்கள். எடுத்தபின் அச்சிட்டு ஒரு பிரதியை அவருக்கே கொடுங்கள். பின்புறத்தில் பெயரும் ஊரும் தேதியும் எழுதுங்கள். பாட்டுக்கும் ஓவியத்துக்கும் கதைக்கும் இம்முறை பொருந்தும்.

எங்கள் ஊர்க் கோயிலில் ஒரு பாதி சங்கரனாகவும் மறு பாதி நாராயணனாகவும் இறைவன் காட்சி தருகிறான். யார் பெரியவர் என்று வழக்காடியவர்களுக்கு இருவரும் ஒருவரே என்று உணர்த்திய திருவுருவம் என்பர். கலைக்கும் அத்தகைய இரு பாதிகள் உண்டு. கற்பதும் கொடுப்பதும் கூட்டத்தில். காண்பது மட்டும் தனிமையில். ஒரு பாதியை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். நீங்கள் இரண்டையும் கைக்கொள்ளுங்கள். வீட்டில் பூட்டிக் கிடக்கும் பெட்டி ஏதேனும் இருந்தால், இந்த மழைக்காலம் வருமுன் அதைத் திறந்து பாருங்கள்.