முந்திரியும் மூன்றில் ஒரு பங்கும்



கணக்காசிரியர் ஒருவரின் நினைவாக அமைந்த அறக்கட்டளையின் சொற்பொழிவு இது. ஆகவே பேசுபொருளாகக் கணக்கையே எடுத்துக்கொண்டேன். அதிலும் பிள்ளைகள் முதன்முதலாக இடறும் இடத்தை எடுத்துக்கொண்டேன். அதுவரை நன்றாகக் கணக்குப் போட்டுவந்த பிள்ளை, பின்னம் வந்ததும் தயங்கி நின்றுவிடுகிறது. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதுகிறது. அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு, வந்த விடை அரையைவிடச் சிறியதாக இருக்கிறதே என்ற ஐயம் அதற்கு எழுவதில்லை. அந்த ஐயம் ஏன் எழவில்லை என்பதுதான் இன்று என் கேள்வி.

இது உலகம் முழுவதும் உள்ள தொல்லை. 1978-இல் அமெரிக்காவில் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். 12/13, 7/8 இரண்டையும் கூட்டினால் விடை ஏறத்தாழ எவ்வளவு? 1, 2, 19, 21 என நான்கு விடைகள் தரப்பட்டன. இரண்டு பின்னங்களும் ஒன்றுக்கு மிக அருகில் இருப்பவை. ஆகவே விடை 2. நூற்றுக்கு 24 பேர்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் 19 அல்லது 21 என்றார்கள். அவர்கள் கண்ணில் பட்டவை நான்கு தனித்தனி எண்கள். 12/13 என்பது ஓர் அளவு என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

நம் பேச்சில் பின்னம் அளவாகத்தான் இருக்கிறது. ஒன்றரை லிட்டர், இரண்டேகால் மணி, முக்கால் கிலோ என்று எழுத்தறியாப் பருவத்திலேயே பிள்ளைகள் பேசுகிறார்கள். ‘முக்காலே மூணு வீசம் பேர் வந்துட்டாங்க’ என்று சொல்லும் பாட்டி, முக்காலோடு மூன்று வீசத்தைக் கூட்டி, பதினாறில் பதினைந்து என்கிறார்.

பாட்டியின் வீசம் பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து வருவது. அங்கே ஒன்றுக்கு மேற்பட்டவை மேல்வாயிலக்கம், ஒன்றுக்குக் கீழ்ப்பட்டவை கீழ்வாயிலக்கம். கீழ்வாயில் அரைக்கால் என்பது எட்டில் ஒன்று. வீசம் அல்லது மாகாணி பதினாறில் ஒன்று, மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி 320-இல் ஒன்று. முந்திரியையும் 320 கூறாக்கினால் கீழ்முந்திரி. அது ஒன்றை 1,02,400 கூறாக்கியதில் ஒரு கூறு. இவற்றின் வாய்ப்பாடுகளைக் கொண்ட எண்சுவடியைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய செந்தில் பாபு, 2022-இல் வெளிவந்த தம் நூலில் இந்தப் பயிற்சி முறையை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

இதில் 320 என்ற எண் எதற்கு? அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாக இறங்குவது ஒரு வரிசை. மா, அரைமா, காணி, அரைக்காணி, முந்திரி என்று இருபதில் தொடங்கி இறங்குவது இன்னொன்று. இரண்டிலும் எதை எடுத்தாலும் முந்திரியைக்கொண்டு மிச்சமில்லாமல் எண்ணிவிடலாம். வீசம் 20 முந்திரி, மா 16 முந்திரி, காணி 4 முந்திரி. மாவையும் காணியையும் கூட்டினால் 20 முந்திரி, அதாவது வீசம். அதற்கு மாகாணி என்று பெயர் வந்த கணக்கு இதுதான்! வேற்றினப் பின்னங்களைக் கூட்ட மீச்சிறு பொது மடங்கு காணவேண்டும் என்று கரும்பலகையில் எழுதுகிறோமே, அந்த வேலையின் உள்ளே இருப்பது இவ்வளவே: இரண்டையும் ஒரே சிறு அலகால் எண்ணவேண்டும். அலகு தெரியாத பிள்ளைக்கு மீ.சி.ம. வெறும் சடங்கு.

பழம்பெருமை பேசிவிட்டு இறங்கிப்போக நான் வரவில்லை. அந்தத் திண்ணையில் பெண்பிள்ளைகளுக்கும் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் இடம் கிடைக்கவில்லை. விளைச்சலில் பங்கு அளந்து கொடுத்தவருக்குக் கீழ்வாயிலக்கம் தெரியாது. அளந்து வாங்கியவரின் கணக்குப்பிள்ளைக்குத் தெரியும். பழைய தென்னாற்காட்டின் மேற்கே நிற்கும் கல்வராயன் மலை 1976-இல் அரசு எடுத்துக்கொள்ளும்வரை மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தது. அப்படிப்பட்ட ஆளுகையின்கீழ் வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பின்னம் கற்பது, தேர்வு மதிப்பெண்ணைவிடப் பெரிய காரியம். தன் பங்கு சரியா என்று கேட்க அந்தக் கணக்கு வேண்டும்.

இன்னொரு குறையும் உண்டு. முந்திரியால் மூன்றில் ஒன்றை எண்ண முடியாது. 320-ஐ மூன்றால் வகுத்தால் மிச்சம் விழும். கீழ்முந்திரிக்கு இறங்கினாலும் மிச்சம் தொடரும். தொகுதி மேலே, பகுதி கீழே என்று இன்று எழுதும் முறைக்கு அந்தத் தடை இல்லை. மூன்று, ஏழு, பதினொன்று என்று எத்தனை கூறாக வேண்டுமானாலும் பிரிக்கலாம். அந்த விடுதலையை நான் மனமார வரவேற்கிறேன். எழுதும் முறை புதியதாகட்டும். அலகு தேடும் பழக்கம் பழையதாகவே இருக்கட்டும்.

மூன்றில் ஒன்றுக்கு நம் ஊரிலேயே நல்ல அலகு இருக்கிறது. பழைய தென்னாற்காட்டுப் பகுதியில் நிலத்தைக் காணியாகச் சொல்கிறோம். இந்தக் காணி வேறு, எண்பதில் ஒன்று வேறு. இது 100 குழி. ஏறத்தாழ 132 சென்ட். ஒரு காணியில் மூன்றில் ஒரு பங்கு 44 சென்ட், கால் பங்கு 33 சென்ட். கூட்டினால் 77 சென்ட். இப்போது பிள்ளைகளைக் கேளுங்கள்: 44, 33, 77, 132 நான்கையும் மிச்சமில்லாமல் அளக்க எத்தனை சென்ட் துண்டு வேண்டும்? பதினொரு சென்ட் என்று சொல்லிவிடுவார்கள். அந்தத் துண்டுகள் முறையே நான்கு, மூன்று, ஏழு, பன்னிரண்டு. மூன்றில் ஒன்றும் நான்கில் ஒன்றும் சேர்ந்தால் பன்னிரண்டில் ஏழு. வீட்டுச் சொத்தைப் பங்கிடுவதும் இதே கணக்குத்தான். 1989-இல் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு தந்தபோது, எத்தனையோ வீடுகளில் பகுதியில் இருந்த இரண்டு மூன்றாயிற்று. வகுப்பில் இதைச் சொல்லத் தயங்கவேண்டாம். அரைப் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகள் அன்றைக்கே வீட்டில் போய்ப் பேசுவார்கள்.

கலப்புப் பின்னத்துக்கு வருவோம். நாலேகாலிலிருந்து ஒன்றேமுக்காலைக் கழிக்க, தகா பின்னமாக்கி 17/4, 7/4 என்று எழுதச் சொல்லித் தருகிறோம். நல்ல முறைதான். மீதிச் சில்லறை எண்ணிக்கொடுக்கும் கடைக்காரர் போகும் வழி வேறு: ஒன்றேமுக்காலிலிருந்து இரண்டுக்குக் கால், நான்குக்கு இன்னும் இரண்டு, மேலே ஒரு கால், மொத்தம் இரண்டரை. இரண்டு வழியும் பிள்ளைக்குத் தெரிந்தால் ஒன்றைக்கொண்டு மற்றதைச் சரிபார்க்கும். பெருக்கலில்தான் கவனம் வேண்டும். இரண்டரையை ஒன்றரையால் பெருக்கச் சொன்னால், முழுவை முழுவாலும் அரையை அரையாலும் பெருக்கி இரண்டேகால் என்கிறார்கள். ஒரு வயலாக வரைந்து காட்டினால் நான்கு துண்டுகள் தெரியும். பரப்பு இரண்டு, ஒன்று, அரை, கால், மொத்தம் மூன்றேமுக்கால். விட்டுப்போன துண்டுகள் இரண்டையும் கண்ணால் பார்த்த பிள்ளை பிறகு தவறு செய்வது அரிது. நிலப்பரப்புக்காகவே குழிமாற்று என்றொரு தனி வாய்ப்பாடு நம்மிடம் இருந்தது.

வகுத்தல் ஆசிரியர்களையும் சோதிப்பது. லிப்பிங் மா என்ற ஆய்வாளர் 1999-இல் வெளியிட்ட நூலில் ஒரு கணக்கு வருகிறது: ஒன்றேமுக்காலை அரையால் வகுக்கவேண்டும். சீன ஆசிரியர்கள் 72 பேரும் சரியாகப் போட்டார்கள். முயன்ற அமெரிக்க ஆசிரியர்கள் 21 பேரில் 9 பேர்தான் சரியாக முடித்தார்கள். இதற்குப் பொருத்தமாக ஒரு கதைக்கணக்கு சொல்லுங்கள் என்றபோது, அமெரிக்க ஆசிரியர்களில் பலர் அரையால் வகுப்பதை இரண்டு பேருக்குப் பங்கிடுவதாகச் சொன்னார்கள். தலைகீழியால் பெருக்கு என்ற விதியை மட்டும் வைத்துக்கொண்டு கதை சொல்ல முடியாது.

படியும் உழக்கும் இருந்தால் சொல்லலாம். ஒன்றேமுக்கால் படிச் சாமையில் அரைப்படி எத்தனை முறை அளக்கலாம்? படிக்கு நான்கு உழக்கு. ஆகவே இருப்பது ஏழு உழக்கு. அரைப்படி என்பது இரண்டு உழக்கு. மூன்று முறை அளந்த பின் ஓர் உழக்கு மிஞ்சும். அது கால் படி. விடை மூன்றேகாலா, மூன்றரையா? மிஞ்சியது படியில் கால்; ஆனால் நாம் அளப்பது அரைப்படியால். அரைப்படியில் அது பாதி. எதில் கால், எதில் பாதி என்ற கேள்வியில்தான் பின்னக் கணக்கின் கடினம் முழுவதும் இருக்கிறது.

ரூபாய்க்கு 16 அணா இருந்தவரை வீசம் கையில் புழங்கிய காசு. 1957 ஏப்ரல் 1-இல் நூறு பைசா வந்தது. பின்னாலேயே கிலோவும் லிட்டரும் வந்தன. வீசமும் உழக்கும் கையைவிட்டுப் போனபோது, அவற்றோடு பிள்ளைகள் பெற்ற பயிற்சிக்கு மாற்றாக வகுப்பறையில் நாம் எதையும் வைக்கவில்லை. கல்வராயன் மலையில் சாமையும் தினையும் இன்னும் விளைகின்றன. அங்கே வெள்ளிமலைப் பக்கத்து உண்டு உறைவிடப் பள்ளிகளில் ஒரு படியும் நான்கு உழக்கும் வாங்கிவைக்க ஆகும் செலவு பெரியதன்று.

ஆறாம் வகுப்பில் பின்னப் பாடம் மூன்றாம் பருவத்தில் வருகிறது. பொங்கல் முடிந்து பிள்ளைகள் திரும்புவதற்குள் ஆண்டுத்தேர்வு அவசரம் பிடித்துக்கொள்கிறது. ஆசிரியர்களிடம் நான் வேண்டுவது ஒன்றுதான். பாடத்தின் முதல் நாளில் விதி எதையும் எழுதவேண்டாம். தானியத்தையும் படியையும் உழக்கையும் நடுவில் வையுங்கள். மூன்றேகாலா, மூன்றரையா என்று பிள்ளைகள் தமக்குள் வாதாட ஒரு பாடவேளை முழுவதையும் விட்டுக்கொடுங்கள்.